சிறுபடம் என்னும் அணிந்துரை: சுயாதீன நிகழ்பட விளையாட்டுகளின் கடைமுகப்பு ஓவியம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையக் கடையில் நிகழ்பட விளையாட்டு ஒன்றை வாங்க வருபவர் முதலில் காண்பது அதன் முகப்பு ஓவியத்தையே. விளம்பரத்திற்குப் பொருள் செலவிட இயலாத சுயாதீனப் படைப்பாளர்க்கு அவ்வோவியமே பல வேளைகளில் ஒரே அறிமுகமாக அமைந்துவிடுகிறது. எத்தனை பேர் அதனைச் சொடுக்கினர் என்னும் எண்ணிக்கையைக் கொண்டே அதன் வெற்றியை மதிப்பிடும் வழக்கம் இத்துறையில் நிலவுகிறது. அவ்வளவுகோல் முகப்போவியத்தின் பணியில் ஒரு பாதியை மட்டுமே அளக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். நன்னூலின் பாயிரக் கோட்பாட்டையும் ஜெரார் ஜெனெத்தின் துணைப்பனுவல் கருத்தையும் துணையாகக் கொண்டு, ஸ்டீம் தளத்தின் விதிகளும் அண்டர்டேல், ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட், பலாட்ரோ, வெண்பா ஆகிய விளையாட்டுகளும் இங்கு ஆராயப்படுகின்றன. மிகச் சிறிய அளவிலும் படிக்கத்தக்கதும், படைப்பு எதனைத் தரவல்லதோ அதனை மட்டும் உறுதியளிப்பதுமான ஓவியமே பயனுடைய முகப்போவியம் என்னும் முடிவு எட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, முகப்போவியம், பாயிரம், அணிந்துரை, துணைப்பனுவல், ஸ்டீம், தற்புகழ்ச்சி.

1. முன்னுரை

கணினி விளையாட்டுகளை இணையவழி விற்கும் ஸ்டீம் தளத்தை வால்வ் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. 2012இல், பயனர்களின் வாக்குகளைக் கொண்டு புதிய படைப்புகளைத் தெரிவு செய்யும் கிரீன்லைட் முறை அங்கு நடைமுறைக்கு வந்தது. 2017இல் அம்முறை கைவிடப்பட்டது. விளையாட்டு ஒன்றுக்கு 100 அமெரிக்க டாலர் கட்டணம் செலுத்தித் தளத்தின் அடிப்படைச் சரிபார்ப்பை நிறைவு செய்யும் எவரும் தம் படைப்பை விற்கலாம் என்னும் ஸ்டீம் டைரக்ட் முறை அதன் இடத்தைப் பெற்றது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இத்தளத்தில் வெளியாயின. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது என்பது அதன் பொருள்.

வாயில் எல்லார்க்கும் திறந்தபோது தேர்வு செய்யும் பொறுப்பு வாங்குவோரிடம் வந்து சேர்ந்தது. அவர் முன் நிற்பவை வரிசையாக அடுக்கப்பட்ட சிறு படங்கள். ஒருவரோ இருவரோ பல்லாண்டு உழைத்து உருவாக்கிய படைப்பும், நூற்றுக்கணக்கானோர் பணியாற்றிய படைப்பும் அவ்வரிசையில் ஒரே அளவுள்ள செவ்வகத்திற்குள் நிற்கின்றன. அச்செவ்வகத்தில் பார்வை நிலைத்தால்தான் விளையாட்டின் பக்கம் திறக்கும். முன்னோட்டக் காணொளியும் விளக்கமும் பிறர் கருத்துகளும் அதன் பின்னரே கண்ணில் படும். ஆதலின் இப்படம் தோற்றால் எஞ்சியவை யாவும் காணப்படாமலே போகும்.

வால்வ் நிறுவனம் இப்படங்களைக் 'கேப்சூல்' என்று அழைக்கிறது. இக்கட்டுரையில் 'முகப்போவியம்' என்னும் சொல் ஆளப்படுகிறது. வீடியோ கேம் என்று பேச்சில் வழங்குவது நிகழ்பட விளையாட்டு எனவும், பெரிய வெளியீட்டு நிறுவனங்களின் முதலீட்டைச் சாராது தனியரோ சிறு குழுவினரோ உருவாக்குவது சுயாதீன விளையாட்டு எனவும் குறிக்கப்படுகின்றன.

2. ஆய்வு அணுகுமுறை: துணைப்பனுவலும் பாயிரமும்

ஒரு நூலைச் சூழ்ந்து நிற்கும் தலைப்பு, ஆசிரியர் பெயர், அட்டை, முன்னுரை, விளம்பரக் குறிப்பு முதலியவற்றைத் துணைப்பனுவல் என வகைப்படுத்தி ஆராய்ந்தவர் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ஜெனெத். 1987இல் வெளியான அவரது நூலின் பெயரே 'வாயிற்படிகள்' என்று பொருள்படுவது. வாயிற்படியில் நிற்பவர் உள்ளே செல்லலாம், திரும்பியும் போகலாம். மியா கான்சால்வோ இக்கருத்தை 2007இல் நிகழ்பட விளையாட்டு ஆய்விற்கும், ஜோனதன் கிரே 2010இல் திரைப்பட, தொலைக்காட்சி முன்னோட்டங்களுக்கும் விரித்தனர். துணைப்பனுவல் படைப்பிற்கு வெளியே நிற்கும் வெறும் பொதியன்று, பொருள் உருவாக்கத்திலும் அதற்குப் பங்குண்டு என்பது இவ்வாய்வுகளால் நிலைபெற்றது.

எனினும், நல்ல துணைப்பனுவல் எது, தீயது எது என்னும் வினாவை இவ்வாய்வுமரபு பெரிதும் எழுப்புவதில்லை. இயல்புகளை விவரிப்பதே அதன் முதன்மை நோக்கம். தமிழிலக்கண மரபின் பாயிர இயலோ விதிக்கும் தன்மையது. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூல், நூலின் முன் நிற்கும் உரை எதனைச் சொல்லவேண்டும், யார் சொல்லவேண்டும், எதனைச் சொல்லலாகாது என வரையறுக்கிறது. பாயிரத்திற்கு அது தரும் பெயர்களுள் அணிந்துரை, புனைந்துரை, புறவுரை என்பனவும் உள்ளன. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் சிறப்புப்பாயிரத்தின் பொதுவிலக்கணமாக அதில் வகுக்கப்பட்டுள்ளன. மாடத்திற்கு ஓவியமும் மாநகர்க்குக் கோபுரமும் போல நூலுக்கு அணிந்துரை அமையும் என்னும் உவமையும் அங்கு இடம்பெறுகிறது.

இன்றைய வணிகத்தை நன்னூலார் முன்னரே கண்டுரைத்தார் என்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. பாயிரம் கற்போனை நோக்கி எழுந்தது. முகப்போவியம் விலைகொடுத்து வாங்குவோனை நோக்கியது. இவ்வேறுபாட்டை மறைத்தால் ஆய்வு வெறும் பெருமை பேசுதலாகும். முகப்போவியத்தை மதிப்பிடுவதற்குச் சொடுக்கு எண்ணிக்கைக்கு அப்பாற்பட்ட வினாக்கள் வேண்டும். அவ்வினாக்களைப் பாயிர இயல் ஒழுங்குபடுத்தித் தருகிறது என்ற அளவிலேயே அது இங்குப் பயன்கொள்ளப்படுகிறது. எட்டனுள் நூற்பெயர், வழி, நுதலிய பொருள், கேட்போர் ஆகிய நான்கும் முகப்போவியத்திற்கு நேராகப் பொருந்துவன.

3. அட்டைப்பெட்டியிலிருந்து சிறுபடத்திற்கு

1977இல் வெளியான அட்டாரி வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம் என்னும் கருவியுடன் 'காம்பாட்' என்னும் விளையாட்டு சேர்த்து விற்கப்பட்டது. திரையில் அவ்விளையாட்டின் பீரங்கி வண்டிகள் ஒரே நிறக் கட்டங்களின் சேர்க்கையாகவே தோன்றின. பெட்டியின் மேலோ கிளிஃப் ஸ்போன் தீட்டிய விரிவான போர்க்களக் காட்சி இருந்தது. கருவியின் ஆற்றல் குறைவாயிருந்த அக்காலத்தில் ஓவியம், திரை காட்ட இயலாததைக் கற்பனைக்கு வழங்கும் துணையாயிற்று. கட்டங்களைக் காணும்போது இதனை எண்ணிக்கொள்க என்பதே அதன் கூற்று.

அட்டையே படைப்பின் பொருளை வேறாக்கும் என்பதற்கு 2001இல் வெளியான 'ஈகோ' சான்றாகும். இது சோனி நிறுவனத்தின் வெளியீடு, சுயாதீனப் படைப்பன்று. ஆயினும் ஒரே படைப்பு இரு வேறு அட்டைகளோடு விற்கப்பட்டமையால் ஒப்பீட்டிற்கு ஏற்றது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வெளியான பதிப்பிற்கு அதன் இயக்குநர் ஃபுமிதோ உவேதா தாமே ஓவியம் தீட்டினார். இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ தெ கிரிக்கோவின் தாக்கத்தில் அமைந்த அவ்வோவியத்தில், நீண்ட நிழல்கள் விழும் வெற்று முற்றத்தைச் சிறுவனும் சிறுமியும் கைகோத்துக் கடந்தோடுகின்றனர். மனித உருவங்கள் மிகச் சிறியவை, வெளியே பெரியது. வட அமெரிக்கப் பதிப்பிற்குச் சிறுவனின் உருவத்தைப் பெரிதாக முன்னிறுத்திய வேறோர் அட்டை அமைந்தது. வழக்கமான வீரச்செயல் விளையாட்டு என்னும் எண்ணத்தையே அது தந்தது. முன்னது தனிமையையும் கைப்பற்றுதலையும் நுதலிய பொருளாகக் கூற, பின்னது நாயகனை மட்டுமே கூறிற்று.

உவேதாவின் ஓவியம் போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனை இன்றைய இணையக் கடையின் மிகச் சிறிய செவ்வகத்திற்குச் சுருக்கினால் ஓடும் இருவரும் புள்ளிகளாகிவிடுவர். எஞ்சுவது மஞ்சள் நிற வெளி மட்டுமே. கையில் ஏந்தும் பெட்டிக்கு வலிமையாய் இருந்த வெற்றிடம் சிறுபடத்தில் குறையாகிவிடும். அன்றியும், பெட்டியைத் திருப்பினால் பின்புறத்தில் திரைக்காட்சிகளும் விளக்கமும் இருந்தன. சிறுபடத்திற்குப் பின்புறம் இல்லை. ஓவியத்தின் தரமும் முகப்போவியத்தின் பயனும் ஒன்றல்ல என்பது இதனால் பெறப்படும்.

4. அளவும் நூற்பெயரும்

ஸ்டீம் தளம் ஒரே விளையாட்டிற்குப் பல அளவுகளில் படங்களைக் கோருகிறது. கடைப்பக்கத்தின் தலைப்பில் நிற்பது 920×430 படப்புள்ளிகள் கொண்டது. தேடல் முடிவுகளிலும் பட்டியல்களிலும் தோன்றும் சிறிய முகப்போவியம் 462×174. வாங்கியவரின் தொகுப்பில் நிற்பது 600×900 என்னும் நெடுக்குவாட்டுப் படம். தொகுப்புப் பக்கத்தின் மேற்புறம் விரியும் 3840×1240 அளவுள்ள படத்தில் எழுத்தே இடம்பெறலாகாது. பெயர் தனியொரு படமாக அதன்மீது வைக்கப்படுகிறது. சிறிய முகப்போவியத்திலிருந்து 184×69, 120×45 ஆகிய இன்னும் சிறிய வடிவங்களைத் தளம் தானே உருவாக்கிக்கொள்கிறது.

படைப்பாளர் பெரும்பாலும் அகன்ற திரையில் பெரிய ஓவியத்தைப் பார்த்தே மகிழ்கிறார். வாங்குவோரோ 120 படப்புள்ளி அகலமுள்ள அதன் நிழலைப் பார்க்கிறார். இவ்விரு பார்வைகளுக்கும் இடைப்பட்ட தொலைவே பல முகப்போவியங்களின் தோல்விக்குக் காரணம். கிடைமட்டச் செவ்வகத்திற்கெனத் தீட்டிய காட்சியை நெடுக்குவாட்டில் வெட்டும்போது தலையோ கருவியோ துண்டிக்கப்படுகிறது. பெயரின் மெல்லிய எழுத்துகள் பின்னணியில் கரைகின்றன. ஆதலின் முகப்போவியத்தைத் திட்டமிடுபவர் மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கிப் பெரியதை நோக்கிச் செல்வதே முறை. சிறிய முகப்போவியத்தில் பெயரே ஏறத்தாழ முழுப் பரப்பையும் நிறைக்கவேண்டும் என்று வால்வ் நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அறிவுறுத்துகிறது. படத்தின் நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பதும், நாணய அளவிற்குச் சுருக்கிப் பார்ப்பதும் இதற்கு எளிய சோதனைகள். கோபுர உவமை இங்குப் பொருள் மிகுகிறது. அருகில் வந்தோர்க்குக் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் புலப்படும். தொலைவில் வருவோர்க்கு அதன் புறவடிவே ஊரைக் காட்டும். இரண்டும் வேண்டும், ஆனால் முதலில் பணிசெய்வது புறவடிவே.

இவ்வகையில் மூன்று படைப்புகள் கருதத்தக்கன. டோபி ஃபாக்ஸ் உருவாக்கி 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்', கரிய பின்னணியில் வெண்ணிறப் படப்புள்ளி எழுத்துகளில் தன் பெயரை நிறுத்துகிறது. அவ்வெழுத்துகளுக்கிடையே ஒரு சிவந்த இதயம் உள்ளது. அலங்காரமாகத் தோன்றும் அவ்விதயமே விளையாட்டினுள் எதிரியைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் ஆடுபவர் நகர்த்தும் உரு. எவரையும் கொல்லாமலே முடிக்கத்தக்க விளையாட்டு அது. வாளோ வீரனோ இல்லாமல் இதயம் ஒன்றே நின்றமையால் நூற்பெயரும் நுதலிய பொருளும் ஒரே குறியில் அடங்கின. செலவின்மை குறையாகத் தோன்றாமல் கூற்றாகவே மாறியது.

எரிக் பரோன் நான்காண்டுகளுக்கு மேல் தனியொருவராக உழைத்து 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி', மரப்பலகையில் பொறித்தாற்போன்ற எழுத்துகளில் தன் பெயரைத் தருகிறது. ஊர் எல்லையில் நாட்டிய பெயர்ப்பலகையை நினைவூட்டும் அவ்வெழுத்துரு, வேளாண்மையும் ஊர்வாழ்வும் சார்ந்த அமைதியான ஆட்டம் என்பதைப் படிக்குமுன்பே உணர்த்திவிடுகிறது. எழுத்துரு இங்குப் பெயரைத் தாங்கும் கலமாக மட்டும் நில்லாமல் பொருளையும் சொல்கிறது.

ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி குழுவினர் 2017இல் வெளியிட்ட 'ஹாலோ நைட்' வேறொரு வழியை மேற்கொண்டது. இருள் சூழ்ந்த பின்னணியில் வெண்ணிற முகமூடி. அதில் இரு கொம்புகள், இரு கரிய கண்குழிகள். முகபாவம் ஏதுமற்ற அம்முகமூடியை எத்துணைச் சுருக்கினும் அடையாளம் காணலாம். வெறுமை என்று பொருள்படும் சொல்லைப் பெயரிற் கொண்ட படைப்பிற்கு வெறுமையான கண்களே அடையாளமாயின. மூன்றினும் பொதுவாய் நிற்பது, ஒரு செவ்வகத்தில் ஒரு கூற்றை மட்டும் சொல்லும் துணிவு. பாத்திரங்கள் அனைவரையும், நிலங்கள் அனைத்தையும் ஒருங்கே திணிக்கும் படம் 120 படப்புள்ளிகளில் எதனையும் சொல்வதில்லை.

5. வழியும் கேட்போரும்

ஒரு நூல் எம்மரபினின்று தோன்றியது என்பதைக் கூறுவது 'வழி'. நிகழ்பட விளையாட்டில் இதற்கு இணையாவது வகைமை. வாங்குவோர் சிறுபடத்தை நோக்கி முதலில் எழுப்பும் வினா, 'இது எவ்வகை ஆட்டம்' என்பதே. அவ்வகைமைக்கு வழங்கிவரும் குறிகளை அறவே துறந்தால் உரிய கேட்போர் கடந்துசெல்வர். அவற்றையே அப்படியே பின்பற்றினால் படைப்பு நூற்றில் ஒன்றாக மறையும். வகைமையின் ஒரு குறியை ஏற்று, அதனைத் தன் பொருளுக்கேற்பத் திரிப்பதே நடுவழி.

'லோக்கல்தங்க்' என்னும் புனைபெயரில் இயங்கும் படைப்பாளர் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட 'பலாட்ரோ' இதற்குத் தக்க சான்று. விளையாட்டினுள் பின்னணியில் சுழலும் வண்ணச்சுழியே முகப்பிலும் சுழல்கிறது. அதன்மீது சீட்டுக்கட்டின் கோமாளி. போக்கர் சீட்டாட்டத்தின் குறிகளை ஏற்றுக்கொண்ட இம்முகப்பு, கோமாளியை முன்னிறுத்துவதால் விதிகள் குலைக்கப்படும் என்பதையும் கூறுகிறது. கோமாளிச் சீட்டுகளே இவ்வாட்டத்தில் கணக்கை மாற்றுவன. ஆதலின் கூற்று மெய்யானது.

ஆயினும் குறிகள் எல்லார்க்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. இவ்விளையாட்டில் பணம் வைத்துச் சூதாடும் கூறு இல்லை. இருப்பினும் சூதாட்டக் குறிகள் மிக்குள்ளன என்று கருதிய ஐரோப்பிய வயதுத்தர அமைப்பான பெகி, வெளியான சில நாள்களிலேயே 3 அகவைக்குரியது என்னும் தரத்தை 18 அகவைக்குரியதாக உயர்த்தியது. சில நாடுகளின் கடைகளிலிருந்து விளையாட்டு தற்காலிகமாக நீக்கப்பட்டது. மேல்முறையீட்டின் பின்னர் 2025 பிப்ரவரியில் தரம் 12 அகவையாக மாற்றப்பட்டது. பெகியின் முடிவு முகப்போவியத்தை மட்டும் பார்த்து எடுக்கப்பட்டதன்று. விளையாட்டின் உள்ளடக்கம் பற்றியது. எனினும் வடிவமைப்பாளர்க்கு அதில் ஒரு பாடம் உண்டு. கடன்வாங்கிய குறி தன் பழம்பொருளையும் உடன்கொண்டே வருகிறது. ஆடுவோர்க்கு நகையாய்த் தோன்றிய சீட்டு, தரம் வழங்குவோர்க்குச் சூதாய்த் தோன்றிற்று. கேட்போர் என்னும் உறுப்பு ஒருமையன்று என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

6. தற்புகழ்ச்சித் தடை

2022க்கு முன்னர் ஸ்டீம் தளத்தின் முகப்போவியங்கள் பலவற்றில் இதழ்கள் வழங்கிய மதிப்பெண்களும், விருதுகளின் சின்னங்களும், விலைத்தள்ளுபடி அறிவிப்புகளும் நெருங்கிக் கிடந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் வால்வ் நிறுவனம் அவற்றைத் தடைசெய்தது. முகப்போவியத்தில் இடம்பெறத்தக்கவை விளையாட்டிற்குரிய ஓவியமும் அதன் பெயரும் அதிகாரப்பூர்வத் துணைத்தலைப்பும் மட்டுமே. புதிய மேம்பாடு பற்றிய அறிவிப்பை ஒரு மாத அளவிற்கு மேற்படாமல் தற்காலிகமாகச் சேர்க்கலாம். அதனையும் உரிய மொழிகளில் தரவேண்டும். எழுத்துகள் படிக்க இயலாத அளவு சிறுத்துவிடுதல், மதிப்பெண்கள் காலப்போக்கில் மெய்யற்றுப் போதல், பெரும்பாலான வாசகங்கள் ஆங்கிலத்திலேயே அமைந்து பிறமொழியினரை ஒதுக்குதல் ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

நன்னூலின் இரு விதிகள் இங்கு நினைவிற்கு வருவன. எத்துறையில் வல்லவராயினும் ஆசிரியர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பது ஒன்று. சிறப்புப்பாயிரத்தை ஆசிரியரின் ஆசிரியரோ, உடன்கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ உரைக்கவேண்டும் என்பது மற்றொன்று. புதிய விதிக்குப் பின் ஸ்டீம் பக்கத்தின் அமைப்பும் இத்தகைய பகுப்பையே கொண்டுள்ளது. படைப்பு தன்னைக் காட்டுகிறது; பாராட்டோ குறையோ வாங்கி ஆடியவர்களின் கருத்துப் பகுதியில் தனியே நிற்கிறது.

இவ்வொற்றுமையைக் கொண்டு தடையை முற்றும் ஏற்பதற்கில்லை. தற்புகழ்ச்சியைத் தகாதென்ற அதே நூல் நான்கு விலக்குகளையும் தருகிறது. தம் ஆற்றலை உணராதார் நடுவே தம்மைப் புகழ்தல் புலவர்க்குத் தகும் என்பது அவற்றுள் ஒன்று. பெயரறியப்படாத சுயாதீனப் படைப்பாளர் நிற்பது அத்தகைய அவையிலேயே. பெற்ற ஒரு விருதின் சின்னத்தை முகப்பில் இடுவது அவர்க்கு ஆற்றலை உணர்த்தும் ஒரே வழியாய் இருந்திருக்கலாம். தடை அவ்வழியையும் அடைத்தது. மறுபுறம், விருதும் மதிப்பெண்ணும் பெரும்பாலும் முன்னரே அறியப்பட்ட படைப்புகளிடமே குவிந்திருந்தன. அவற்றின் சின்னங்கள் நிறைந்த வரிசையில் ஏதும் பெறாத புதியவரின் படம் வெறுமையாய்த் தோன்றியது. தடை அனைவரையும் ஓவியம், பெயர் என்னும் இரண்டோடு நிறுத்தியமையால் புதியவர்க்கு விளைந்த நன்மையே மிகுதி என்பது இவ்வாய்வாளரின் கணிப்பு. விருது பெற்ற ஒருசிலரின் இழப்பும் மெய்யானதே. ஆயினும் பெறாதவர் தொகை மிகப் பெரிது.

பாயிர ஒப்பீட்டின் எல்லையும் இங்கே தெரிகிறது. பாயிரம் உரைப்போர் தம் பெயரோடு நிற்பர். தம் சொல்லுக்குப் பொறுப்பேற்பர். எப்படத்தை யார் முன் நிறுத்துவது என்று முடிவுசெய்யும் தளத்தின் கணிப்புநிரல் பெயரற்றது. அதன் தெரிவிற்குரிய காரணம் படைப்பாளர்க்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

7. புனைந்துரையும் பொய்யுரையும்

குறைந்த படப்புள்ளிகளால் ஆன விளையாட்டிற்கு நுணுக்கமான வண்ண ஓவியத்தை முகப்பாக வைப்பது ஏமாற்றாகுமா என்னும் வினா இத்துறையில் அடிக்கடி எழுகிறது. அட்டாரிக் காலப் பெட்டிகளை நோக்கினால் இவ்வினாவிற்கு எளிய விடை இல்லை என்பது புலனாகும். பாயிரத்தின் பெயர்களுள் புனைந்துரையும் ஒன்றாதலின், ஒப்பனை தன்னளவில் குற்றமன்று. எதனை ஒப்பனை செய்கிறோம் என்பதே குற்றத்தையும் குணத்தையும் பிரிப்பது.

கோட்டின் நுணுக்கம், ஒளி, உருவளவு ஆகியவற்றில் புனைவு தகும். ஆடுபவர் அவற்றைத் தாமே இட்டு நிரப்பிக்கொள்வார். ஆடுபவர் செய்யப்போகும் செயல், படைப்பின் உணர்வுநிலை, அதன் வகைமை ஆகியவற்றில் புனைவு தகாது. அவற்றில் ஏமாந்தவர்க்கு ஈடுசெய்ய வழியில்லை. அமைதியான புதிர் விளையாட்டிற்குப் போர்க்களப் படம் இட்டால், போரை விரும்பி வந்தவர் வெறுத்துத் திரும்புவார். புதிரை விரும்புபவரோ வரவேமாட்டார். ஒரே பொய் இரு திசைகளிலும் இழப்பைத் தருகிறது.

இவ்விழப்பிற்கு நிறுவன வடிவமும் உண்டு. 2015 ஜூன் முதல், வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவாயினும் பணத்தைத் திரும்பப் பெறலாம் என ஸ்டீம் தளம் அறிவித்தது. தவறான முகப்பால் வந்தவர் பணத்தையும் மீட்கலாம். எதிர்மறைக் கருத்தையும் எழுதிச் செல்லலாம். சொடுக்கு எண்ணிக்கை அவ்வருகையை வெற்றியாகவே பதிவுசெய்யும். வந்தவர் ஏன் திரும்பினார் என்பதை அவ்வெண் சொல்லாது. சொடுக்கை மட்டும் அளப்பது பாதி அளவையே என்னும் இக்கட்டுரையின் வாதம் இங்கு உறுதிபெறுகிறது.

8. பெயரே முகப்பாதல்: வெண்பா

கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் குழுவினர் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. வெண்பா தாயின் பெயர், பாவலன் தந்தை, கவின் மகன். தன் தாயிடமிருந்து வந்த, கறைபடிந்தும் கிழிந்தும் எழுத்து மறைந்த சமையற்குறிப்பேட்டைக் கொண்டு உணவு சமைக்க, விடுபட்ட படிகளை ஆடுபவர் ஊகித்து நிரப்பவேண்டும். 2024இல் பாஃப்டா அமைப்பின் முதற்படைப்பிற்கான விருதை இது பெற்றது. இங்கு ஆராயத்தக்கது முகப்பிலுள்ள பெயர்.

கடையில் இப்படைப்பு அறியப்படுவது உரோமன் எழுத்திலுள்ள பெயராலேயே. அவ்வெழுத்தில் ண, ன வேறுபாடு இல்லை. தமிழறியாத வாங்குவோர்க்கு அது இனிய ஓசையுடைய ஓர் அயற்பெயர். தமிழறிந்தவரோ படித்த அக்கணமே இழந்த ணகரத்தை மீட்டுக்கொள்கிறார். பெயர் பாவகையாகவும் பெண்ணாகவும் ஒருங்கே விரிகிறது. பாவலன் என்னும் கணவன் பெயரைக் கேட்டதும் அவ்விரிவு உறுதிப்படுகிறது. நூற்பெயர் ஒன்றே, கேட்போர் இருவகையினர், பெறும் பொருளும் இரண்டு. மறைந்த எழுத்தை அறிந்தவர் நிரப்பிப் படிப்பதே விளையாட்டினுள் நிகழும் செயல். அச்செயலை முகப்புப் பெயரே தமிழ் வாசகரிடம் முன்கூட்டித் தொடங்கிவிடுகிறது. திட்டமிட்டோ இயல்பாகவோ நேர்ந்த இவ்வமைப்பு, நுதலிய பொருளை நூற்பெயரால் உணர்த்துதலுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இதில் ஒரு குறையும் உண்டு, அது படைப்பாளர்க்குரியதன்று. முகப்போவியத்தின் மொழிவாரி வடிவங்கள் தளத்தின் இடைமுக மொழிகளை ஒட்டியே காட்டப்படுகின்றன. அம்மொழிகளுள் தமிழ் இல்லை. ஆதலின் தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த முகப்பைத் தமிழ்ப் பயனர்க்கு மட்டும் தனியே காட்டும் வழி படைப்பாளர்க்குக் கிட்டுவதில்லை.

இவ்விளையாட்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பணம் திரும்பப் பெறும் எல்லைக்குள்ளேயே முழுவதையும் ஆடிவிடலாம். இத்தகைய குறும்படைப்புகளுக்கு, உரிய கேட்போரையே அழைத்துவரும் முகப்பு பொருளாதார நிலையிலும் இன்றியமையாதது. பெருங்காவியத்தை எதிர்பார்த்து வந்தவர் அளவு குறித்துக் குறைகூறுவார். சிறுகதையை நாடி வந்தவர் அதனை நிறைவாகவே கொள்வார்.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு.

முதலாவதாக, முகப்போவியம் மிகச் சிறிய அளவில் தொடங்கித் திட்டமிடப்படவேண்டும். அவ்வளவில் தாங்கத்தக்கது ஒரே கூற்று; அதனுள்ளும் பெயருக்கே முதலிடம்.

இரண்டாவதாக, வகைமையின் குறியை ஏற்றுத் திரிக்கும் முகப்பே உரிய கேட்போரை அடைகிறது. குறிகள் தம் பழம்பொருளையும் உடன்கொண்டு வருவன என்பதைப் பலாட்ரோவின் வரலாறு எச்சரிக்கிறது.

மூன்றாவதாக, 2022ஆம் ஆண்டுத் தடை, படைப்பையும் அதன் பாராட்டையும் வேறுபடுத்தியது. அதனால் அறியப்படாத படைப்பாளரின் ஓவியமும் பெயரும் பெரும்படைப்புகளோடு ஓரளவேனும் ஒத்த நிலையில் நிற்கின்றன.

நான்காவதாக, செயலையும் உணர்வையும் வகைமையையும் மெய்யாகக் கூறி, பிறவற்றைப் புனைவது புனைந்துரை. அம்மூன்றையும் திரிப்பது பொய்யுரை. சொடுக்கு எண்ணிக்கை இரண்டையும் பிரித்தறியாது.

சுயாதீனப் படைப்பாளர் முகப்போவியத்தை இறுதி வாரத்தில் செய்துமுடிக்கும் பணியாகக் கருதாமல், தம் படைப்பு யாருக்கு என்ன தருகிறது என்னும் வினாவிற்குரிய விடையாகக் கருதவேண்டும். அவ்வினாவிற்கு ஒரே தொடரில் விடை கூற இயலாதபோது, எத்துணைச் சிறந்த ஓவியரை அமர்த்தினும் முகப்பு அமையாது. தமிழ்ப் பெயரும் தமிழ் வாழ்வும் கொண்ட விளையாட்டுகள் உலகக் கடைகளில் தோன்றத் தொடங்கியுள்ள இக்காலத்தில், அவற்றின் முகப்பில் தமிழ் எழுத்துருவின் வடிவமைப்பு எவ்வாறு அமையத்தகும் என்பது மேலாய்வுக்குரிய களமாகும்.